விடுபட்ட ஒரு சொல்: நீதி, இருப்பு, முறை

1

கிரேக்க மெய்யியலில் எழுத்தாகக் கிடைக்கிற மிகப் பழைய வாக்கியம் கடனைப் பற்றியது. மிலேட்டஸ் நகரத்து அனாக்சிமாந்தர் (ஏறத்தாழ கி.மு. 610 - 546) எழுதிய நூல் அழிந்துபோயிற்று. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் அதிலிருந்து எடுத்துச் சொன்னதை, கி.பி. 6ஆம் நூற்றாண்டில் சிம்ப்ளிசியஸ் தன் உரைநூலில் சேர்த்து வைத்தார். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கைமாறி வந்த அந்த வாக்கியத்தின் சாரம் இதுதான்: பொருள்கள் எதிலிருந்து தோன்றுகின்றனவோ அதற்குள்ளேயே அழிகின்றன; இது கட்டாயத்தின்படி நடப்பது; ஏனென்றால் தாம் செய்த அநீதிக்காக அவை ஒன்றுக்கொன்று தண்டமும் ஈடும் செலுத்துகின்றன, காலம் வகுக்கிற ஒழுங்கின்படி.

என்னத்துக்கு இந்தக் கிரேக்கச் சங்கதியெல்லாம் நமக்கு என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த ஒற்றை வாக்கியத்தை நவீன ஐரோப்பா எப்படியெப்படி வாசித்தது என்பதில், நீதி பற்றிய நம்முடைய சண்டைகள் பலவும் வேறு உடுப்பில் வந்து நிற்கின்றன. அதிலும் ஒரு சொல் விடுபட்டுப்போன கதை இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

சிம்ப்ளிசியஸின் உரை 1526இல் வெனிசின் ஆல்டஸ் அச்சகத்தில் முதன்முதலாக அச்சேறியது. அந்த அச்சில் 'ஒன்றுக்கொன்று' என்னும் சொல் இல்லை. கையெழுத்துப் பிரதிகளில் இருந்தது, அச்சில் விழுந்துவிட்டது. ஒரு சொல்தானே என்று விட்டுவிட முடியாது. அந்தச் சொல் இருந்தால் பொருள்கள் தங்களுக்குள் கடன்பட்டவை. ஒன்று மற்றதற்குத் தீங்கு செய்திருக்கிறது, மற்றதற்கே ஈடு கொடுக்கிறது. சொல்லை எடுத்துவிட்டால் பொருள்கள் தண்டம் கட்டுகின்றன, ஆனால் யாருக்கு என்று தெரியாது. தீங்கு செய்யப்பட்டவர் பிரதியிலிருந்தே காணாமல் போய்விடுகிறார். குற்றம் மட்டும் மிஞ்சுகிறது. செய்த குற்றம் எது என்று தேடினால், 'இருப்பதே குற்றம்' என்ற விடைதான் கையில் அகப்படும்.

நீட்சே அந்த விடையைத்தான் எடுத்துக்கொண்டார். 1873இல் எழுதி, தன் வாழ்நாளில் வெளியிடாமல் விட்ட 'கிரேக்கர்களின் துன்பியல் யுகத்தில் மெய்யியல்' என்ற நூலில் அவர் தரும் மொழிபெயர்ப்பில் 'ஒன்றுக்கொன்று' கிடையாது. அவருடைய அனாக்சிமாந்தர் ஷோப்பனவருக்கு மூத்த சகோதரர். நித்தியமான ஒருமையிலிருந்து பிய்ந்து தனித்தனியாய் இருக்கத் துணிந்ததே பொருள்களின் பாவம். சாவு அதற்கான பிராயச்சித்தம். நீட்சே இதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த பக்கங்களிலேயே ஹெராக்ளிட்டஸைக் கொண்டுவந்து, ஆவதில் குற்றமே இல்லை, அது குழந்தையின் விளையாட்டு என்று மறுக்கிறார். ஆனால் கவனியுங்கள்: குற்றம் என்பதிலிருந்து குற்றமின்மை என்பதற்குத் தாவுகிறபோதும், தீங்குக்கு ஆளானவர் என்று ஒருவர் அந்த வாசிப்புக்குள் வரவே இல்லை. எல்லாரும் குற்றவாளி, இல்லையென்றால் யாருமே குற்றவாளி இல்லை. இரண்டுமே ஆண்டைக்கு வசதியான தீர்ப்புகள்.

2

இந்தச் சொல் விடுபடல் அச்சுப்பிழையாக ஐரோப்பாவில் நடந்தது. நம்மிடம் அது உரையாக, கொள்கையாக நடந்திருக்கிறது.

ஊழ் என்ற சொல்லைப் பாருங்கள். சங்கப் பிரதிகளில் அதற்கு முதிர்தல், மலர்தல் என்ற பொருள் உண்டு. முறை, அடுத்தடுத்து வருதல் என்ற பொருளும் உண்டு. பால் என்ற சொல்லுக்குப் பகுதி, பங்கு என்று பொருள். பகுத்தல் என்ற வினையின் உறவு அது. அதே பால்தான் விதி என்றும் பொருள்படுகிறது. பகுத்ததில் அவரவர்க்கு விழுந்த பங்கு, பின்னால் அவரவர்க்கு எழுதின எழுத்தாகிவிட்டது. முறை என்பதற்கோ இன்னும் பல முகங்கள்: வரிசை, உறவு, நீதி. முறை செய்வது அரசன் வேலை. முறைமாமன் உறவு. வயலுக்கு முறைத்தண்ணீர். அநியாயம் நடந்தால் ஊர் முன்னே போய் வைப்பது முறையீடு.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டில் (192) பேராற்று நீரோடு போகிற தெப்பத்தை உயிருக்கு உவமையாக்கி, அது முறையின் வழிப்படுவதாகச் சொல்லப்படுகிறது. மேடைகளில் அந்தப் பாட்டின் முதல் அடியோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அதன் கடைசிப் பகுதியோ பெரியோரை வியக்கவும் வேண்டாம், சிறியோரை இகழவும் வேண்டாம் என்று போய் முடிகிறது. அங்கே முறை என்பது ஒருவன் இன்னொருவனை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற கேள்வியாக மாறுகிறது. இருப்பு பற்றிய பேச்சு உறவு பற்றிய பேச்சோடு பிணைந்தே இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டளவில் பரிமேலழகர் திருக்குறளுக்கு உரை செய்கிறபோது, இருவினையின் பயன் செய்தவனையே போய்ச் சேரும்படி செய்கிற நியதி என்ற அளவில் ஊழை விளக்குகிறார். செய்தவனையே சேரும் என்பதுதான் இங்கே முக்கியம். வினை ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் பற்று எழுதப்படுகிற ஆள் உண்டு, வரவு பெறுகிற ஆள் கிடையாது. குறள் 37இல் வருகிற சிவிகையை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லக்கில் இருப்பவனையும் அதைத் தூக்குகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் விளங்கிவிடும் என்ற திசையில் பரிமேலழகர் உரை போகிறது. அந்தக் குறளை வேறு மாதிரி வாசிக்க வேண்டும் என்று பின்னால் வாதிட்டவர்கள் பலர். ஆனால் நூற்றாண்டுக் கணக்காக ஆட்சி செய்தது அந்த உரைதான். அதன்படி ஏறியிருப்பவன் தன் முன்வினையை அனுபவிக்கிறான், தூக்குகிறவனும் தன் முன்வினையை அனுபவிக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பல்லக்கு இருக்கிறதே தவிர, கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. 'ஒன்றுக்கொன்று' விழுந்துபோன வாக்கியம் என்றால் இதுதான்.

பிறப்பே தண்டனை என்ற நீட்சேயின் வாசிப்பை ஜெர்மானியச் சோர்வு என்று சொல்லிவிடலாம். இங்கே அது சாதியின் இலக்கணம்.

3

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொழியியல் அறிஞர்கள் பிரதியைத் திருத்தினார்கள். சொல் திரும்பி வந்தது. வந்தவுடன் வாசிப்பும் மாறியது. வெர்னர் யேகர் 'பைடெயா' நூலில் (முதல் தொகுதி 1934) அந்த வாக்கியத்தில் ஒரு வழக்குமன்றத்தைப் பார்த்தார்: இரண்டு தரப்புகள் நிற்கின்றன, காலம் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறது. கிரெகரி விலாஸ்டாஸ் 1947இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இன்னும் ஒரு படி போகிறது. வெப்பமும் குளிரும், ஈரமும் வறட்சியும் சமவலிமை உள்ள தரப்புகள். கோடையில் ஒன்று மிஞ்சுகிறது, மாரியில் அது வாங்கியதைத் திருப்பித் தருகிறது. இந்த நீதிக்கு மேலே ஒரு அரசன் தேவையில்லை. சமமானவர்களுக்குள் தானாக நிலைநிற்கிற சமன் அது. ழான்-பியர் வெர்னான் (1962) இந்தப் பிரபஞ்சப் படத்தை நகர அரசின் பொதுச் சதுக்கத்தோடு பொருத்திக் காட்டினார்: நடுவில் யாரும் ஆளாத ஒரு வெளி, சுற்றிலும் சம தூரத்தில் குடிமக்கள்.

தாமிரபரணிக் கரையில் இருக்கிறவர்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. காரும் பிசானமும் மாறிமாறி வருகிற நிலம் இது. கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர், திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். தலைமடைக்காரன் தன் முறை முடிந்தும் மடையை அடைக்காவிட்டால் கடைமடைக்காரன் வயல் காய்கிறது. மிஞ்சி நிற்பதுதான் அநீதி. அடுத்தவன் முறைக்கு விடுவது ஈடு. அனாக்சிமாந்தர் இங்கே பிறந்திருந்தால் இதைத்தான் எழுதியிருப்பார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவசரப்பட வேண்டாம். மடையில் முறை வைத்திருக்கிறவன் யார்? நிலம் வைத்திருக்கிறவன். சமமானவர்களுக்குள் நீதி என்று சொன்னவுடனே, அந்தச் சமத்துக்குள் எண்ணப்படாதவர்கள் யார் என்ற கேள்வி வந்துவிடும். கிரேக்க நகரத்தின் சதுக்கத்தில் அடிமைக்கும் பெண்ணுக்கும் வெளியூரானுக்கும் இடமில்லை. விலாஸ்டாஸின் அழகான சமன்பாடு அவர்களைத் தொடவே இல்லை.

இந்த இடத்தில்தான் ஜார்ஜ் தாம்சன் நமக்கு வேண்டியவராகிறார். 1937 முதல் 1970 வரை பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர், கம்யூனிஸ்ட், அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவுக்குப் போய் விவசாயிகளிடமும் மீனவர்களிடமும் ஐரிஷ் கற்றுக்கொண்டவர். 'ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்' (1941), 'முதல் மெய்யியலாளர்கள்' (1955) ஆகிய நூல்களில் அவர் வைத்த வாதம் இது: விதி என்று நாம் மொழிபெயர்க்கிற 'மொய்ரா' என்ற சொல்லுக்கு மூலப்பொருள் பங்கு. இனக்குழுவில் வேட்டையையும் கொள்ளையையும் நிலத்தையும் பகிர்ந்தபோது ஒவ்வொருவருக்கும் விழுந்த பங்கு. தனியுடைமை வந்தது; பங்கு போயிற்று; சொல் மட்டும் மேலே ஏறி வானத்தில் விதியாக உட்கார்ந்துகொண்டது. நம்முடைய பால் என்ற சொல் நடந்த பாதையும் இதுவேதான் என்பதை இதற்குள் வாசகர்கள் கண்டிருப்பார்கள்.

அந்தத் தாம்சனிடம் ஆய்வு செய்தவர்கள் இரண்டு ஈழத்தமிழர்கள். க. கைலாசபதியின் 'தமிழ் வீரயுகக் கவிதை' 1968இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு வைத்துப் படித்தது. கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்தார். அதே காலத்தில் பாளையங்கோட்டையில் நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். தமிழில் கிரேக்கம் வந்து சேர்ந்த வழிகளில் இது முக்கியமான ஒன்று. மெய்யியல் துறைகளைவிட, மார்க்சியம் வழியாக, நாட்டார் பாடல் சேகரித்தவர்கள் கைக்கு அது வந்தது. நம்முடைய பின்-அமைப்பியல் உற்சாகத்தில் இந்த வழியை 'கொச்சைப் பொருள்முதல்வாதம்' என்று தள்ளிவிட்டது நல்ல காரியம் இல்லை. தாம்சனிடம் குறை உண்டு. இழந்துபோன இனக்குழுச் சமத்துவம் என்று ஒரு பொற்காலத்தை அவர் வைத்துக்கொள்கிறார்; அந்தப் பொற்காலத்திலும் பெண்ணுக்கு விழுந்த பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் விதி என்பது களவு போன பங்கு என்ற அவருடைய கண்டுபிடிப்பு சாதாரணமானதல்ல.

4

இனி ஹைடெக்கர். 'அனாக்சிமாந்தரின் கூற்று' என்ற கட்டுரையை 1946இல் எழுதினார். 1950இல் நூலில் வெளியானது. அவருடைய வாதத்தில் 'டிகே' என்பதை நீதி என்றும் 'அடிகியா' என்பதை அநீதி என்றும் மொழிபெயர்ப்பதே பிழை. சட்டம், ஒழுக்கம், தண்டனை என்ற பின்னாளைய சரக்குகளை அந்தச் சொற்களில் ஏற்றுகிறோம் என்கிறார். டிகே என்பது பொருத்து. மூட்டு சரியாக அமர்ந்திருப்பது. அடிகியா என்பது மூட்டு விலகல். இருப்பவை ஒவ்வொன்றும் வருகைக்கும் போகைக்கும் நடுவில் சற்றுத் தங்குகின்றன. தங்கினது போதும் என்று விடாமல், இருப்பையே இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோது மூட்டு விலகுகிறது. ஒன்று மற்றதைக் கருதி இடம் விடுகிறபோது பொருத்து மீள்கிறது.

ஆழமான வாசிப்பு, மறுப்பதற்கில்லை. 'ஒன்றுக்கொன்று' என்ற சொல்லையும் அவர் விடவில்லை. இருந்தாலும் எழுதப்பட்ட ஆண்டை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது. 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் அவர். 1946இல் நியூரம்பர்க்கில் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பிரெஞ்சு ஆக்கிரமிப்பு அதிகாரிகள் அவர் கற்பிப்பதற்குத் தடை போடுகிறார்கள். தண்டமும் ஈடும் உலகமே பேசிக்கொண்டிருந்த வருஷத்தில், மேற்கின் முதல் வாக்கியத்திலிருந்து தண்டத்தையும் ஈட்டையும் அவர் கழற்றி எடுக்கிறார். கட்டுரையின் பொருள் முழுவதும் இந்தத் தற்செயலில் அடங்கிவிடாது. ஆனால் கட்டுரை எதைப் பேசாமல் விட்டது என்பதை இந்தத் தற்செயல் காட்டிக்கொடுக்கிறது.

பொருத்து என்றால் நீதி என்கிறார். சரி, எந்தப் பொருத்து? முக்கூடற்பள்ளுக்கு வருவோம். இன்றைக்கு முக்கூடல் என்றால் ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற, பீடித்தொழிலால் பேர்பெற்ற ஊரைச் சொல்வோம். பள்ளு பாடிய முக்கூடல், சிற்றாறு தாமிரபரணியோடு சேர்கிற சீவலப்பேரிப் பக்கம் என்பார்கள். அந்தப் பிரதியில் பண்ணைக்காரன் பள்ளனின் காலைத் தொழுமரத்தில் மாட்டுகிறான். இரண்டு மரம், நடுவில் கால் அளவுக்குத் துளை. மரத்தோடு மரம் இசைவாகப் பொருந்தினால்தான் அது தொழுமரம். பொருத்து எவ்வளவு கச்சிதமோ அவ்வளவுக்குக் கால் நகராது. பண்ணையின் ஒழுங்கும் அப்படித்தான். மாடு, விதை, ஆள், மடை, நெல் அளவு எல்லாம் அதனதன் இடத்தில் அமர்ந்திருக்கிறது. மூட்டு எங்கேயும் விலகவில்லை. விலகாமல் இருப்பதே இங்கே அநீதி.

(பள்ளு வழங்குகிற சாதிப்பெயரை அந்த மக்கள் இன்று ஏற்பதில்லை. நெடுங்காலக் கோரிக்கைக்குப் பிறகு 2021இல் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயர் சட்டத்தில் ஏறியது. பெயரும் ஒரு பங்குதான். அதுவும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.)

பள்ளு நூல்களின் அமைப்பில் நெல் அளந்த பிறகு மூத்த பள்ளியின் முறையீடு என்று ஒரு உறுப்பு வரும். கோட்டை கோட்டையாக நெல் கோயிலுக்கும் பண்ணைக்கும் மற்றவர்களுக்கும் அளக்கப்பட்டாயிற்று. தனக்கு வந்து சேர வேண்டியது வரவில்லை என்று அவள் சேரியாரைக் கூட்டி வைத்துச் சொல்கிறாள். இது கடவுள் குத்தம் என்றோ தன் தலையெழுத்து என்றோ அவள் சொல்லவில்லை. இன்னார் எனக்குத் தர வேண்டும் என்று ஆளைக் காட்டுகிறாள். கோ. கேசவன் போன்றவர்கள் பள்ளைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்ததோடு, இந்த முறையீட்டை மெய்யியலாகவும் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆண்டைகளின் பொழுதுபோக்குக்காக எழுதப்பட்ட பிரதிதான் அது. இரண்டு பெண்களின் சக்களத்திச் சண்டையை வைத்துச் சிரிக்க வைப்பதுதான் அதன் வேலை. அப்படியிருந்தும் 'ஒன்றுக்கொன்று' என்ற சொல் அந்தச் சிரிப்பின் இடுக்கில் பிழைத்துக் கிடக்கிறது.

5

தெரிதா 1993இல் 'மார்க்சின் ஆவியுருக்கள்' நூலில் ஹைடெக்கரின் இந்தக் கட்டுரையைத்தான் கையில் எடுக்கிறார். ஹேம்லெட் தன் காலம் மூட்டு விலகிக் கிடக்கிறது என்று சொல்வதை அதோடு மோதவிடுகிறார். பொருத்துதான் நீதி என்றால் மற்றமைக்கு இடமேது என்பது அவர் கேள்வி. விலகல் இருந்தால்தான் இன்னொருவர் வர முடியும். செத்தவர்களும் இன்னும் பிறக்காதவர்களும் நம்மிடம் கேட்க முடியும். சோவியத் விழுந்து, வரலாறு முடிந்தது என்று கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், மார்க்சின் பெயரால் ஒரு தீராத கடனை அவர் நினைவுபடுத்தியது பெரிய விஷயம். தொழுமரம் விலகட்டும் என்று சொல்கிற முதல் வாசிப்பு இது.

ஆனால் தெரிதாவின் நீதி கணக்குக்கு அப்பாற்பட்டது. ஈடு, பழிக்குப் பழி, கடனடைப்பு எல்லாவற்றையும் தாண்டிய கொடை. இதைத் தமிழில் கொண்டுவருகிறபோது ஒரு எச்சரிக்கை வேண்டும். கணக்கைத் தாண்டுகிற சொகுசு, கணக்கு ஒருமுறையாவது சரியாகத் தீர்க்கப்பட்டவர்களுக்கு உரியது. முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றுகிற பெண் இலையையும் தூளையும் எடைக்கு வாங்குகிறாள். பீடியை எண்ணிக் கொடுக்கிறாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கழிவு என்று தள்ளின பீடிக்குக் கூலி கிடையாது. அவளிடம் போய் நீதி கணக்கிட முடியாதது என்று சொன்னால், 'அதைத்தானே கம்பெனிக்காரனும் சொல்லுதான்' என்பாள். தெரிதாவுக்கு இது தெரியாததில்லை. கணக்கிட முடியாத நீதிதான் நம்மைக் கணக்கிடச் சொல்கிறது என்று 'சட்டத்தின் வலிமை' உரையில் அவரே வாதிட்டார். நம்மூர்க் கட்டுரைகளில் அவருடைய முதல் பாதி மட்டும் மேற்கோளாகிறது; இரண்டாம் பாதி விடுபட்டுப் போகிறது. இன்னொரு அச்சுப்பிழை.

6

காலம் வகுக்கிற ஒழுங்கு என்று அனாக்சிமாந்தர் சொல்வதை இந்த ஆற்றங்கரையில் தேதி போட்டே காட்டலாம். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், தாமிரபரணியின் மலைக்காட்டில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. காடு தேயிலைத் தோட்டமாயிற்று: மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டும் சிறையிலிருந்த தொழிலாளர்களை விடக் கேட்டும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. பயந்து ஓடியவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. வருஷாவருஷம் அதே தேதியில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கியது. 2028இல் குத்தகை முடிகிறது.

தங்கினது போதும் என்று ஒரு தோட்டம் காட்டுக்குள் திரும்பப் போகிறது. ஹைடெக்கரைக் கேட்டால் மூட்டு சேர்ந்துவிட்டது என்பார். நீட்சேயின் அனாக்சிமாந்தர் இது இருந்ததற்கான தண்டனை என்பார். சூழலியல் நண்பர்கள் காட்டுக்கு ஈடு கிடைத்தது என்று மகிழ்வார்கள். அதில் நியாயம் உண்டு, காடும் ஒரு தரப்புதான். ஆனால் நாலு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளினவர்கள் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வருகிறார்கள்? காட்டைத் தோட்டமாக்கியது அவர்கள் முடிவல்ல, அவர்கள் உழைப்பு. காட்டுக்கான ஈட்டை அவர்கள் வீட்டைக் காலிசெய்து கட்ட வேண்டும் என்றால், ஒருவர் பட்ட கடனை இன்னொருவரிடம் வசூல் செய்கிறோம் என்று அர்த்தம். ஊழ் என்று ஒருகாலத்தில் சொன்னது இதைத்தான். இப்போது அதற்கு ஒப்பந்த முடிவு என்று பெயர்.

தோன்றியதற்குள்ளேயே அழியும் என்ற அந்தப் பழைய வாக்கியத்தின் முதல் பாதியை 2028 நிறைவேற்றிவிடும்; அதற்கு யாரும் மெனக்கெட வேண்டாம், காலம் பார்த்துக்கொள்ளும். ஒன்றுக்கொன்று ஈடு செலுத்துவது என்ற இரண்டாம் பாதி தானாக நடக்காது. யாருக்கு யார் தர வேண்டும் என்று ஆளைக் காட்டி, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்.